சுத்திகரித்த கழிவுநீர் வயலுக்கு வருகிறதா? முதலில் உப்பைப் பாருங்கள்

நகரங்களில் மக்கள்தொகை பெருகுவதால் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்படுகின்றன. அவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே, நம் வயல்களை ஒட்டித்தான் அமைகின்றன. "நாற்றம் வரும், வேண்டாம்" என்கிறார்கள் சிலர். "கோடையிலும் தண்ணீர் கிடைக்கும், வரட்டும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் உப்பு விடுபட்டுப் போகிறது.

தண்ணீர் நிறையவே கிடைக்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது திட்டக் கணக்கு. அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகும். 1 லட்சம் பேர் வாழும் நகரிலிருந்து தினமும் 1 கோடி லிட்டருக்கு மேல் வரும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் தினமும் 50 ஏக்கருக்குப் பாயும்.

இந்த நீரில் தழைச்சத்தும் இருக்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாசனத்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ சேரும். பத்துப் பாசனத்தில் 40 கிலோ, அதாவது ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியா. இதைக் கழிக்காமல் வழக்கமான உரத்தையும் போட்டால் நெல் சாயும், புகையான் தாக்கும். தழைச்சத்தையும் நீக்கும் புதிய நிலையங்களில் இது குறையும் என்பதால், அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. நிலையத்தில் கசடு படியவைக்கப்படுகிறது. காற்று செலுத்தி வளர்க்கும் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு குளோரின் கலப்பார்கள். இவை எதுவும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. தெளிந்த, வாடையில்லாத நீரிலும் உப்பு அப்படியே இருக்கும். மின் கடத்தும் திறன் 2 டெசிசைமன் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு. ஒரே பாசனத்தில் ஏக்கருக்கு 250 கிலோ நிலத்தில் இறங்கிவிடும்!

நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். அங்கே வந்தது சாயக்கழிவு, வீட்டுக் கழிவு அல்ல. ஆனாலும் வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவும் இந்தக் குழாயில் சேருமா என்று கேளுங்கள். மின்சாரம் நின்றால் சுத்திகரிக்காத நீர் எங்கே போகும் என்பதையும் விடாதீர்கள்.

பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 2.25 டெசிசைமன். வடிகால் வசதி இல்லாத களிமண் நிலம் என்றால் 1.5க்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். சோடியத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டும்.

நீர் நன்றாக இருந்தாலும் கீரை, கொத்தமல்லி, வெள்ளரிக்கு வேண்டாம். தீவனப்புல், பருத்தி, தென்னைக்குப் பாய்ச்சலாம். வெறுங்காலுடன் வயலில் இறங்காதீர்கள், கொக்கிப்புழு வரும்.

நிலையம் ஓடத் தொடங்கும் முன்பே உங்கள் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, தேதியிட்ட அறிக்கையை வாங்கி வையுங்கள். நாளைக்குக் கிணறு உவர்த்துப்போனால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.