எரிக்காமல் விட்ட கோப்புகள்

1963 டிசம்பரில் கென்யா விடுதலை பெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன் நைரோபியிலிருந்து பெட்டி பெட்டியாகக் கோப்புகள் லண்டனுக்கு விமானம் ஏறின. சுமார் 1,500 கோப்புகள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்கிய எட்டு ஆண்டுகளில் தடுப்பு முகாம்களில் நடந்த அடியும் சித்திரவதையும் அவற்றில் பதிவாகியிருந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரை அப்படியொரு குவியல் இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது.

காலனிகளைவிட்டுப் புறப்படும்போது எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று 1961-இல் பிரிட்டனின் காலனி அமைச்சர் இயன் மெக்லியோட் உத்தரவு அனுப்பினார். அரசுக்கோ போலீசுக்கோ ராணுவத்துக்கோ தர்மசங்கடம் தரக்கூடியவை, உளவு சொன்னவர்களைக் காட்டிக்கொடுப்பவை புதிய அரசின் கைக்குப் போகக் கூடாது. அத்தகைய கோப்புகளில் 'டபிள்யூ' முத்திரை விழுந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரான பிரிட்டிஷ் அதிகாரிகள் மட்டுமே அவற்றைத் தொடலாம். எரித்தால் சாம்பலையும் நொறுக்க வேண்டும்; கடலில் போட்டால் எடை கட்டிய பெட்டியில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும்.

இவ்வளவு கவனமாக அழித்தவர்கள் மிச்சத்தை ஏன் வைத்துக்கொண்டார்கள்?

காகிதம்தான் அரசாங்கத்தின் கைகால். நாளைக்கு ஒருவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் பதில் சொல்லக் கோப்பு வேண்டும். அடித்த அதிகாரிக்கும், மேலிடத்து அனுமதியோடுதான் அடித்தேன் என்று காட்டக் கோப்பு வேண்டும். கைதிகளை அடிப்பதற்குச் சட்ட விதிகளை வகுத்துத் தந்த கென்யாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ், பாவம் செய்வதானால் ஓசைப்படாமல் செய்ய வேண்டும் என்று 1957-இல் கவர்னருக்கு எழுதினார். ஓசை வேண்டாம் என்றவரும் அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்துக்குச் சாட்சி சொல்வதும், குற்றம் செய்தவர்களுக்குக் கேடயமாவதும் ஒரே காகிதம். ரகசியக் காப்பகங்கள் பிழைத்துக் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று படுகிறது.

இன்னொரு காரணம் சட்டத்தின் இடுக்கு. 1958-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி பழைய அரசுக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். காலனி நிர்வாகத்தின் கோப்புகள் அந்தச் சட்டத்தில் அடங்காது என்று வெளியுறவுத் துறை கருதியது. கென்யா 1967-லேயே கேட்டது, கொடுக்கவில்லை. வெளியிடவும் மனமில்லை, அழிக்கவும் துணிவில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற முள்வேலியிட்ட அரசு வளாகத்தில் அவை கிடந்தன.

2009-இல் ஐந்து கென்ய முதியவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவர் ஹோலா முகாமில் இருந்தவர். அங்கே 1959 மார்ச் 3 அன்று மண்வெட்டி வேலை செய்ய மறுத்த கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்ததில் 11 பேர் செத்தார்கள். தண்ணீர் குடித்துச் செத்ததாக முதலில் அறிவித்தது அரசு. வழக்குத் தொடுத்த இந்த முதியவர் நினைவிழந்து பிணங்களோடு பிணமாகக் கிடந்து பிழைத்தவர்.

நைரோபியிலிருந்து பெட்டிகள் போன தடயத்தை வரலாற்றாசிரியர் டேவிட் ஆண்டர்சன் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். தேடியபோது, 2011 ஜனவரியில், கென்யாவோடு மொத்தம் 37 காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் இருப்பதை அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கேடயமாக வைத்தது பாதிக்கப்பட்டவர்களின் கைக்கு வந்துவிட்டது. 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக், கென்யர்கள் சித்திரவதைக்கு உள்ளானதை நாடாளுமன்றத்தில் ஏற்று வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. சட்டப் பொறுப்பை மட்டும் அரசு ஏற்கவில்லை.

இலங்கை தொடர்பான கோப்புகளும் அந்தக் குவியலில் இருந்தன. பெரும்பாலானவை இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தன் தாத்தா அடைபட்ட முகாமின் மூலக் கோப்பைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் கென்ய மாணவர், இன்றைக்கும் விசா வாங்கி அங்கேதான் போக வேண்டும்.