கண்ணில் வைரஸ்... ஜீனின் வாயை அடைக்க முடியுமா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிறவர்களில் ஒருத்தருக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தால் போதும், சாயங்காலம் அது வீட்டுக்கு வீடு இறங்கிவிடும்! பெரும்பாலும் இது அடினோ வைரஸின் வேலை. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும்.

ஆனால், சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ ஆகிவிடாது. ஹெர்பிஸ் என்றொரு வைரஸ் உண்டு. அநேகமாக ஒரே கண்ணைத்தான் பிடிக்கும். வெளிச்சம் கூசும். பார்வை மங்கும். கருவிழியில் மரக்கிளை மாதிரி புண் விழும். புண் ஆறினாலும் வைரஸ் போகாது. நரம்பு முடிச்சுக்குள் ஒளிந்திருந்து மறுபடியும் தலைகாட்டும். தழும்பு மேல் தழும்பு விழுந்து பார்வையே பறிபோகலாம்.

"இதை அடக்க புது வழி ஏதும் இல்லையா டாக்டர்?" என்று கேட்பீர்கள். 'ஜீனை மௌனமாக்குவது' என்று ஒரு வழி இருக்கிறது.

எஸ்டேட் ஆபீஸிலிருந்து கங்காணிக்கு வேலைச்சீட்டு வருகிறது என்று வையுங்கள். சீட்டை நடுவழியில் மறித்துவிட்டால் வேலை நடக்குமா? வைரஸின் ஜீனும் இப்படி ஆர்.என்.ஏ. என்ற சீட்டு அனுப்பித்தான் தன் புரதங்களைத் தயாரித்துக்கொள்கிறது. அந்தச் சீட்டில் போய் ஒட்டிக்கொள்வதுதான் மருந்தின் வேலை.

இப்படி ஒரு மருந்து வந்தும் இருக்கிறது. பெயர் ஃபோமிவிர்சென். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையை அரிக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்காக 1998-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். பிறகு எய்ட்ஸுக்கே நல்ல மருந்துகள் வந்தன. அந்தக் கண்நோய் குறைந்தது, இதன் விற்பனையும் நின்றது. அதே 1998-ல் சீட்டையே துண்டாக்கும் இன்னொரு முறையைக் கண்டு சொன்ன ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெர்பிஸுக்கும் ஆய்வுக்கூடத்தில் இதை முயன்றிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நரம்பில் உறங்கும் வைரஸ் அநேகமாகச் சீட்டே எழுதுவதில்லை. எதை மறிப்பது? அதனால் கண் டாக்டர் தரும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத்தான் இன்றைக்கும் நம்ப வேண்டியிருக்கிறது.

நந்தியாவட்டைப்பூ கண்ணுக்கு நல்லது என்று எங்கள் சித்த மருத்துவம் சொல்கிறது, வாஸ்தவம். அதற்காக வீட்டில் பிழிந்த சாற்றைப் புண்பட்ட கண்ணில் விடாதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே சொட்டு மருந்து கேட்டும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், உள்ளே ஹெர்பிஸ் புண் பரவும்!

ஒரு கண் சிவந்து வெளிச்சம் கூசுகிறதா? அன்றைக்கே மலையிறங்கிவிடுங்கள். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஒரு நாள் வேலை கெட்டால் ஈடுகட்டலாம். கருவிழி கெட்டால்?