ஈறுக்கு மருந்தாகும் மஞ்சள்: நிறம் பார்த்தால் மட்டும் போதுமா?

மஞ்சள் ஏலத்துக்கு மாதிரி கொண்டுபோனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வியாபாரி ஒரு விரலியை எடுப்பார், இரண்டாக ஒடிப்பார், உள்நிறத்தைப் பார்ப்பார். ஒடியும் சத்தத்திலேயே காய்ச்சலையும் கணித்துவிடுவார். சில நொடிகள்தான். ஒன்பது மாத உழைப்புக்கான விலை அதில் முடிவாகிவிடும்.

அந்த உள்நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற பொருள். அதே குர்குமினைத்தான் பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஈறு நோய்க்கான ஜெல்லிலும், வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் சேர்த்துச் சோதித்து வருகிறார்கள். ஆனால், 'உங்கள் மஞ்சளில் குர்குமின் எத்தனை சதவீதம்?' என்று கேட்டால், பெரும்பாலான விவசாயிகளிடம் பதில் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தையில் அதை யாரும் கேட்பதில்லை.

ஈறில் என்ன நடக்கிறது?

பல்லின் அடியில் படியும் கிருமிப் படலத்தை அகற்றாமல் விட்டால், அது காரையாக இறுகிவிடும். அதை எதிர்த்து உடல் போராடும்போது ஈறு சிவந்து வீங்குகிறது, பல் துலக்கினால் ரத்தம் கசிகிறது. இந்த வீக்கம் நாள்பட நீடித்தால், ஈறையும் பல்லையும் பிடித்து வைத்திருக்கும் கொல்லாஜன் நார்களை உடலின் நொதிகளே அரிக்கத் தொடங்கும். அடுத்து எலும்பு கரையும். வயலில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிய செடி மாதிரி, கடைசியில் பல் ஆடும்.

குர்குமின் வேலை செய்வது இந்த இடத்தில்தான். வீக்கத்தைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளை அது தணிக்கிறது, கொல்லாஜனை அரிக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது, கிருமிகளையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. வீக்கம் அடங்கினால், ஈறின் நார்த்திசு செல்கள் புதிய கொல்லாஜனை உருவாக்கிப் புண்ணை மூட வழி கிடைக்கிறது. மஞ்சள் கலந்த வாய் கொப்பளிப்பானை, பல் மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் குளோர்ஹெக்சிடினுடன் ஒப்பிட்டு இந்தியாவிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. ஈறு வீக்கத்தைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. கிருமிப் படலத்தைத் தடுப்பதில் குளோர்ஹெக்சிடின்தான் முன்னால் நின்றது. ஆனால், அதை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும். மஞ்சள் மீது ஆய்வாளர்கள் பார்வை திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

'இதெல்லாம் எங்கள் பாட்டிக்கே தெரியுமே' என்று சொல்லத் தோன்றும். தெரியும்தான். 1995-ல் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியபோது, நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து வழக்காடியது. பழைய சமஸ்கிருத நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பாட்டி சொன்னது எழுத்தில் இருந்ததால்தான் அந்த வழக்கு வென்றது.

டப்பாவில் இருக்கும் பொடி மருந்தாகுமா?

இங்கேதான் கவனம் தேவை. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும். வெந்நீரில் ஒரு சிட்டிகை போட்டால் பெரும்பகுதி அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஆய்வுகளில் பயன்படுத்துவது குர்குமின் அளவு தெரிந்த ஜெல். அதையும் பல் மருத்துவர் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு, துணை மருந்தாகத்தான் வைக்கிறார்கள். காரை அப்படியே இருக்க, மேலே எதைத் தடவினாலும் ஈறு ஆறாது. கரைந்த எலும்பை எந்த மஞ்சளும் திரும்பக் கொண்டுவராது.

மஞ்சளோடு உப்பு, உமிக்கரி, செங்கல் பொடி சேர்த்து விரலால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது ஈறைத் தேய்த்துக் கீழே இறக்கிவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதே மேல். புகையிலை போடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஈறில் கசிவு தெரியாது, உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோயால் சர்க்கரையும் கட்டுப்படாது. வாயில் எந்தப் புண்ணாவது இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால், மஞ்சளை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைப் பொடியைப் புண்ணில் தடவுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறத்துக்காக ஈயக் குரோமேட், மெட்டானில் மஞ்சள் போன்றவற்றைக் கலக்கும் மோசடி உண்டு. கஸ்தூரி மஞ்சளும் இதற்கு உதவாது. அது வேறு இனம், குர்குமின் மிகக் குறைவு.

விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளில் குர்குமின் 2.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் கோழிக்கோட்டில் உருவாக்கிய பிரதிபா ரகத்தில் 6.2, பிரபாவில் 6.5 சதவீதம். பிரகதி சுமார் 5 சதவீதம் தரும், 180 நாளில் அறுவடைக்கும் வந்துவிடும். கணக்கு எளிது. 3 சதவீத மஞ்சள் ஒரு குவிண்டாலில் இருப்பது 3 கிலோ குர்குமின். 6 சதவீத மஞ்சளில் 6 கிலோ. சாறு பிரிக்கும் ஆலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால், விரலியின் நீளத்தையும் பளபளப்பையும் பார்த்து விலை சொல்லும் ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு இல்லை. அதனால் வாங்குபவரை உறுதிசெய்யாமல், ரகத்தை மட்டும் மாற்றுவது வீண் வேலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து ஆலையுடன் பேசினால் பேரம் பேச வழியுண்டு. அப்போதும் ஆலை கேட்கும் முதல் கேள்வி பூச்சிக்கொல்லி எச்சம் பற்றித்தான் இருக்கும். மருந்துக்குப் போகும் சரக்கில் அதற்குச் சலுகை கிடையாது.

ஒரே ரகம் மண்ணுக்கு மண் வேறு சதவீதம் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. விதைக் கிழங்கு விற்பவர் சொல்லும் எண்ணை நம்பி ஏக்கர் கணக்கில் நடாமல், முதல் ஆண்டு சில சென்ட்டில் நட்டுப் பார்ப்பது நல்லது.

வேகவைப்பதிலும் இழப்பு இருக்கிறது. நுரை பொங்கி, வெண்புகையோடு மஞ்சள் மணம் எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். 45 முதல் 60 நிமிடம் போதும். அதற்கு மேல் கொதித்தால் நிறமும் போகும், குர்குமினும் குறையும். அரைத்த பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் வெயில் படும் ஜன்னலோரம் வைப்பதும் அப்படித்தான். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும்.

சதவீதம் அறிய, நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் உள்ளன. கட்டணத்தை முன்பே விசாரித்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது நல்ல விரலியாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது. குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை நன்றாகக் காய்ந்த நிலையில் அனுப்ப வேண்டும். எந்த வயல், எந்த ரகம், எத்தனை நிமிடம் வேகவைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, அதன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நடவுக்கு விதைக் கிழங்கு ஒதுக்கும்போது அது தேவைப்படும்.