மடக்கை காணும் வகை

பெருக்கல் அரிது; கூட்டல் எளிது. பல இலக்கங்கள் கொண்ட எண்களைப் பெருக்குங்கால் ஓரிலக்கம் பிறழினும் உழைப்பு முழுதும் பாழாகும். விண்மீன்களின் நிலையையும் கடலிற் செல்லும் கலத்தின் வழியையும் கணித்தோர்க்கு இவ்விடர் மிகப் பெரிதாய் இருந்தது. அதனைக் களைய எண்ணிய ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று, 1614 இல் மடக்கை பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

மடக்கையாவது யாது? 10 ஐ மூன்று முறை வைத்துப் பெருக்க 1000 வரும். ஆதலின் 10 ஐ அடியாகக் கொண்டால் 1000 இன் மடக்கை 3 ஆகும். அவ்வாறே 100 இன் மடக்கை 2. இவ்விரண்டையும் பெருக்க வரும் 1,00,000 இன் மடக்கை 5. எண்களைப் பெருக்க, மடக்கைகள் கூடுதலைக் காண்க.

பத்தை இங்ஙனம் அடியாகக் கொள்வதே எளிதென, 1615 இல் எடின்பரோ சென்று நேப்பியரைக் கண்ட இலண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் கருதினார். நேப்பியரும் அதற்கு இசைந்தார். 1617 இல் நேப்பியர் மறைந்தார். பிரிக்ஸ் அப்பணியை விடாது தொடர்ந்து, 1624 இல் முப்பதாயிரம் எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசம இடங்கள் வரை கணித்து வெளியிட்டார். அவை யாவும் கையாற் கணித்தனவே!

நாமும் சிறிது முயல்வோம். 2 ஐப் பத்து முறை வைத்துப் பெருக்க 1024 வரும். அது 1000 ஐவிடச் சிறிதே மிகுதியானது. ஆகவே 2 இன் மடக்கையைப் பத்து மடங்காக்கின் 3 ஐவிடச் சிறிது மிகும், அம்மடக்கை 0.3 ஐவிடச் சிறிது மிகுதல் வேண்டும். அட்டவணை 0.3010 என்கின்றது.

இனி 3 இன் மடக்கை. 3 ஐ நான்கு முறை வைத்துப் பெருக்க 81 வரும். அதன் அண்மையில் உள்ளது 80. எண்பதாவது எட்டுப் பத்து. எட்டோ மூன்று இரண்டுகளின் பெருக்கம். எனவே 80 இன் மடக்கை 0.9030 உடன் 1 கூட்ட 1.9030. அதனை நான்கால் வகுக்க ஏறத்தாழ 0.4758. அட்டவணையில் உள்ளது 0.4771. 81 க்கு மாறாக 80 ஐக் கொண்டமையால் நேர்ந்த குறைவே இது.

அடியை மாற்றுவது எங்ஙனம்? 6 கெஜத் துணியை முழத்தால் அளப்பின் 12 ஆகும். துணி ஒன்றே, அளவைதான் வேறு. முழம் அரைக் கெஜமாதலின், 6 ஐ அரையால் வகுத்து 12 பெற்றோம். அவ்வாறே 2 ஐ அடியாகக் கொண்டு 1000 இன் மடக்கை காண வேண்டின், முன்னைய மடக்கையாகிய 3 ஐ, 2 இன் மடக்கையாகிய 0.3010 ஆல் வகுக்க, ஏறத்தாழ 9.97 வரும். 2 இன் பத்தாம் அடுக்கு 1024 ஆதலின், விடை 10 க்குச் சற்றுக் குறைதல் பொருத்தமே.

இன்று கணிப்பான் நொடிப்பொழுதில் விடை தருகின்றது. ஆயினும் எண்ணைப் பிழையாக இட்டால் அது பிழையான விடையையே தரும். அதற்குத் தன் பிழை தெரியாது. கையாற் கணித்துப் பழகியவனோ, விடை எவ்வெல்லைக்குள் அமையும் என்பதை முன்னரே உணர்வான். பிழையைக் கண்ட அளவில் அறிவான். மாணவர்களே, கருவி தரும் விடையைக் கொள்ளுங்கள். ஆனால் அதனை ஆராய்ந்து கொள்ளுங்கள்.