கல்லைக் கரைக்கும் பாக்டீரியா

ஸ்பெயினோட தென்மேற்குல ரியோ டிண்டோன்னு ஒரு ஆறு இருக்கு. சுமார் 100 கிலோமீட்டர் நீளம். தண்ணி செக்கச்செவேல்னு இருக்கும், எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம். அதுலயும் உயிர்கள் வாழுது.

அந்த மலை முழுக்க பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். காத்தும் தண்ணியும் பட்டா அதுல இருந்து கந்தக அமிலம் வரும். ஆயிரக்கணக்கான வருஷமா அங்க சுரங்கம் தோண்டினதுல இது பல மடங்கு ஆயிடுச்சு.

இதை விரட்டுறது அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் மாதிரியான பாக்டீரியாக்கள். (பேரு வாயில நுழையலைன்னா விட்டுடுங்க.) இதுக்கு இரும்புதான் சாப்பாடு. ஃபெரஸ் இரும்பை ஃபெரிக்கா மாத்தி, அதுல கிடைக்கிற ஆற்றல்ல வாழுது. அந்த ஃபெரிக் போய் கல்லை அரிச்சு, திரும்ப ஃபெரஸா வரும். பாக்டீரியா மறுபடி மாத்தும். பாக்டீரியா இருந்தா அந்த மாற்றம் பத்து லட்சம் மடங்கு வேகமாகும்னு 1970-ல சிங்கரும் ஸ்டம்மும் எழுதினாங்க.

கல்லுல செம்பு இருந்தா அதுவும் கரைஞ்சு வரும். அந்தத் தண்ணியில பழைய இரும்பைப் போட்டா செம்பு படியும். ஸ்கூல்ல மயில்துத்தக் கரைசல்ல ஆணி போட்டோமே, அதேதான். ரியோ டிண்டோவில 19-ஆம் நூற்றாண்டுலயே கல்லைக் குவிச்சு, தண்ணி விட்டு, இப்படிச் செம்பு எடுத்தாங்க. கரைக்கிறது யாருன்னு தெரியாமலேயே! கோல்மரும் ஹிங்கிளும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தண்ணியில இந்த பாக்டீரியாவைப் பத்திச் சொன்னது 1947-லதான்.

அதே ஊர்ல இன்னொரு முறையும் இருந்துச்சு. கல்லைத் திறந்தவெளியில மாசக்கணக்கா எரிக்கிறது. கந்தகப் புகையில பயிரெல்லாம் கருகிச்சு. 1888 பிப்ரவரி 4-ஆம் தேதி, அதை எதிர்த்துக் கூடின விவசாயிகள், சுரங்கத் தொழிலாளிகள் மேல ராணுவம் சுட்டதுல பலர் செத்தாங்க. அதனால, எரிக்காம உலோகம் எடுக்கலாம்ங்கிறதை நான் சின்ன விஷயமா நினைக்க மாட்டேன்.

ஆனா பாக்டீரியாவுக்கு ஆறும் ஒண்ணுதான், ஆலையும் ஒண்ணுதான். அந்த அமிலத் தண்ணியைச் சிந்தாமப் பிடிச்சு வைக்கிறது நம்ம வேலை.

ஃபின்லாந்துல டல்விவாரான்னு ஒரு சுரங்கம். நிக்கல் ரொம்பக் கம்மியா இருக்கிற கல்லை மலையாக் குவிச்சு, பாக்டீரியாவை விட்டுக் கரைச்சாங்க. வினையில வர்ற சூட்டால அந்த ஊர்ப் பனியிலயும் குவியல் உறையலை. ஆனா 2012 நவம்பர்ல கழிவுக் குளம் கசிஞ்சு, நிக்கலும் யுரேனியமும் கலந்த தண்ணி வெளியே போச்சு. 2014-ல கம்பெனி திவால். அடுத்த வருஷம் அரசு கம்பெனி ஒண்ணு அதை எடுத்து நடத்த ஆரம்பிச்சது. இப்போ பேட்டரிக்கான நிக்கல் சல்ஃபேட் அங்கிருந்து வருது. கரைக்கிறது அதே பாக்டீரியாதான்.