இன்ஜின் மூடி ஏன் உட்கார மறுக்கிறது?

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் 1/48 மாதிரி. குழாய், ஒயர் ஒன்று விடாமல் மெர்லின் இன்ஜினை அச்சு அசலாகச் செய்தாயிற்று. மூடியை வைத்தால் உட்கார மாட்டேன் என்கிறது. அளவெல்லாம் சரிதான். பிறகு ஏன்?

தடிமன்தான் காரணம். அசல் மூடி ஏறத்தாழ 1 மி.மீ. அலுமினியத் தகடு. அதை 48-ல் ஒரு பங்காக்கினால் 0.02 மி.மீ.தான் வர வேண்டும். பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிதாக வார்க்க முடியாது. மாதிரியிலும் சுமார் 1 மி.மீ. தடிமன் இருந்தால், இரு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. இடம் போய்விடும். அசல் விமானத்தில் அது கிட்டத்தட்ட 10 செ.மீ.! அசலிலேயே இன்ஜினை ஒட்டித் தைத்த சட்டைபோலத்தான் மூடி இருந்தது. பின்னர் வந்த கிரிஃபன் இன்ஜினுக்கு இடம் போதாமல், மூடியின் மேல் புடைப்புகளே வைத்தார்கள்.

ஆகவே எங்கேயாவது பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். மூடியின் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்குங்கள்; வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம். விளிம்பை மட்டும் கத்தி முனைபோல் சீவினாலே கண்ணுக்கு மெல்லிய தகடாகத் தோன்றும். இன்னும் தேவைப்படும் இடத்தை இன்ஜினின் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் தேய்த்து எடுக்கலாம். எதையும் ஒட்டுவதற்கு முன்பே மூடியை வைத்துப் பாருங்கள். பெயின்ட்டும் தடிமன் கூட்டும், அதற்கும் இடம் விட வேண்டும்.

அளவு பெரிதானால் சிக்கல் குறையும். 2009-இல் மாதிரித் தயாரிப்பு நிறுவனமான தமியா வெளியிட்ட 1/32 ஸ்பிட்ஃபயரில், கழற்றி மாட்டும் மூடிகளைக் குட்டிக் காந்தங்களே பிடித்துக்கொள்கின்றன.