பழைய காரின் பாடங்கள் – 9: டிரம்முக்குள் என்ன நடக்கிறது?

சென்ற வாரம் கிளட்சைப் பற்றிப் பேசி முடித்தோம். இவ்வாரம், வண்டியை ஓட வைப்பதைக் காட்டிலும் நிறுத்தி வைப்பதே பெரிய காரியம் என்பதை நினைவில் இருத்தி, டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்ப்போம்.

உத்தரபாராவில் உருவாகி, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரின் பழைய வண்டிகளில், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். பெடலை மிதித்தவுடன் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயிலின் அழுத்தம் குழாய் வழியே சென்று, வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ள, அவை இரண்டு ஷூக்களையும் விரித்து, சுழலும் டிரம்மின் உட்சுவரில் லைனிங்கை அழுத்துகின்றன. இவ்வளவும் மூடிக்குள் நடப்பதால், திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தடையின்றி வருகிறவருக்குத் தம் பிரேக்கின் குறை தெரிவதில்லை. கூட்டேரிப்பட்டில் திரும்பி, பங்குனி உத்திர ஜனத்திரளினூடே மயிலம் மலையடிவாரத்தை நெருங்குகையில்தான், பெடல் வெறுமனே இறங்குவதும் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் புலப்படுகின்றன.

"தம்பி, முதல்ல கட்டையப் போடு, அப்புறம் ஜாக்கியத் தொடு" என்று பட்டறையில் மேஸ்திரி புதுப் பையனிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரத்து டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும்; அப்பொழுது வண்டியை நகராமல் பிடித்திருப்பது முன்சக்கரங்களுக்கு இட்ட கட்டைகளே. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும்.

தேய்ந்த டிரம்மின் விளிம்பு ஷூவில் சிக்கிக்கொள்ளுமாதலால், அட்ஜஸ்டரைத் தளர்த்திய பின்பே அதை இழுக்க வேண்டும். உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவது பெருந்தவறு. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதும், அத்தூசி சுவாசத்தில் புகுந்தால் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்பதும் நிச்சயமான உண்மைகள். முகத்தில் தக்க மாஸ்க் அணிந்து, ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிவிடுவதே உசிதம்.

அடுத்து, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் திருப்புளி நுனியால் சற்றே நெம்பிப் பாருங்கள்: உள்ளே ஈரம் கசிந்திருந்தால் வாஷரின் ஆயுள் முடிந்தது. ஆயிலில் ஊறிய லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துத் திருப்பி மாட்டுவதில் பயனில்லை. அதை மாற்றும்போது எதிர்ப்பக்கத்துச் சக்கரத்திலும் சேர்த்தே மாற்றாவிடில் வண்டி இழுக்கும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் பிரித்துவிடாதீர்கள். எந்தக் கொக்கி எந்தத் துளையில் என்று சந்தேகம் வந்தால், பிரிக்காத பக்கமே குரு. டிரம் இல்லாத வேளையில் எவரும் பெடலை மிதிக்கலாகாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

சிலிண்டரைத் திறந்திருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். ஈரத்தை உறிஞ்சிய ஆயில் சூட்டில் ஆவியாகி, பெடலைக் கைவிட்டுவிடும். பெடல் கெட்டியான பின்பு, காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்தே சாலையேற வேண்டும்.

பழைய அம்பாசிடரில் ஒரே குழாய்த்தொடர் நான்கு சக்கரங்களுக்கும் பணி செய்கிறது. ஆகையால் ஒரு சக்கரத்தின் கசிவு நான்கையும் செயலற்றதாக்கும். அந்த மாஸ்டர் சிலிண்டரை அடுத்த வாரம் பிரிப்போம். அதுவரை, ஈரம் கண்ட வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

(தொடரும்)